அண்ணி தந்த கறி

குறொன்லாண்ட் நிலையத்தில் முருங்கைக்காய்ப் பைகளோடு ரயிலேறிய இரு பெண்கள் எனக்கு எதிரே அமர்ந்தார்கள்.

“அண்ணி தன்ரை கையாலை தந்த கறி ஒண்டையும் நான் வாயிலை வைச்சதில்லையடி,” என்றார் மூத்தவர்.

நான் பத்திரிகையைப் புரட்டுவதை நிறுத்தினேன்.

“ஏனக்கா?”

“அண்ணி மட்டக்களப்பெல்லோ. அங்கத்தை ஆக்கள் சாப்பாட்டிலை மருந்து போட்டு மயக்கிப்போடுவினம் எண்டு அம்மா சொல்லிவிட்டவ. அண்ணாவையும் அண்ணி அப்பிடித்தான் பிடிச்சவ எண்டு நம்பினனான். கறியைக் கொட்டிப்போட்டு, நல்ல ருசி எண்டு சொல்லிப் பெட்டியைக் கழுவிக் குடுப்பன்.”

ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் அவரே தொடர்ந்தார்.

“அண்ணியின்ரை செத்தவீடு முடிய, ஃப்றீசரிலை கிடந்த மீன்கறியை அண்ணா கொண்டந்து தந்தார். உனக்குப் பிடிக்குமெண்டு வருத்தத்தோடை ஏலாமல் இருந்தும் காய்ச்சி வைச்சவ எண்டார்.”

“சாப்பிட்டனீங்களோ?”

“ஓம். இவ்வளவு காலமும் எதைக் கொட்டினனான் எண்டு அப்பதான் தெரிஞ்சுது.”