அப்பீல் நிற்கிறதா என்று கேட்ட நடுவருக்கு

நண்பகல் வெயிலை நாளெல்லாம் நட்பாக்கிக்கொண்ட நடுவர் பெருந்தகையீர்! வெள்ளுடைக்குள் வியர்வையையும் வெள்ளை மனத்துக்குள் வேதனையையும் வெளியே தெரியாமல் வைத்திருந்த வித்தகரே! ஒற்றை விரலை உயர்த்தி ஓர் அணியின் பகையையும், உயர்த்தாமல் விட்டு மற்றோர் அணியின் பகையையும் ஒரே பிற்பகலில் ஈட்டிய ஒப்பற்றவரே! தாங்கள் பணி ஓய்வு பெறும் இம்மாலையில், தங்களோடு கால் கடுக்க நின்ற நடுவர் சங்கத்தார் தங்கள் திருமுன் படித்தளிக்கும் மடல் இது.

பாராட்டு மடல் என்றால் பாராட்ட வேண்டும். பாராட்டத் தங்களிடம் குறையொன்றும் இல்லை. புல் வெட்டுகிறவர் வருமுன்னரே மைதானத்துக்கு வந்து, மூன்று குச்சிகளையும் மண்டியிட்டுப் பார்த்து நட்டவர் தாங்கள். பந்து வீச்சாளர்களின் தொப்பிகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு, துணிக்கடைப் பொம்மை போலச் சிரிக்காமல் நின்றவர் தாங்கள். எல்.பி.டபிள்யூ கொடுத்தால் குருடர், கொடுக்காவிட்டால் விலை போனவர், சந்தேகத்தின் பலனை மட்டையாளருக்குத் தந்தால் அவருடைய மாமா என்று வாங்கிய பட்டங்களை வரிசைப்படுத்தினால் இந்தத் தாள் போதாது. வண்டிச் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்ட நாள்களில் அதைத் தள்ளிக்கொண்டே வீடு போயிருக்கிறீர்கள். மறுவாரம் அதே அணிக்கு அதே முகத்தோடு வந்து நின்றிருக்கிறீர்கள்.

அவையோரே, இனிச் சற்று நேரம் உங்களைப் பார்த்துப் பேச அனுமதி தாருங்கள். சென்ற மாத இறுதியாட்டத்தைப் பற்றி, இந்த அரங்கின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூன்று கதைகள் எங்கள் காதில் விழுந்தன. மூன்றும் பொய். நடந்ததை நடந்தபடி ஒருமுறை உரக்கப் படித்துவிடுகிறோம். இவருக்கு இது பிடிக்காது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இவருக்கு ஒரு பழக்கம் உண்டு. விதிப்படி அவுட் என்றாலும் மனத்தை உறுத்துகிற அவுட்டுகள் சில இருக்கின்றன. ஓடும் வழியில் இருவர் மோதிக்கொண்டு மட்டையாளர் விழுந்து கிடக்கும்போது குச்சியைத் தட்டிவிட்டுக் கத்துவது அப்படி ஒன்று. அந்த மாதிரி அப்பீல் வந்தால் இவர் அந்த அணியின் கேப்டனைப் பார்த்து, “கேப்டன், அப்பீல் நிக்குதா?” என்று கேட்பார். வேண்டாம் என்று கேப்டன் சொன்னால் மட்டையாளர் தொடர்ந்து ஆடலாம். விதியே அதற்கு இடம் தருகிறது. இதனால்தான் ஊருக்கே இவர் ‘கேள்வி சார்’ ஆனார்.

எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ கேப்டன்கள். வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. கல்லூரிப் பேராசிரியர் சொல்லவில்லை, காவல்துறை அதிகாரி சொல்லவில்லை, மேடைதோறும் நற்பண்பு பற்றி முழங்குகிற பள்ளி நிர்வாகியும் சொல்லவில்லை. “நிக்காம படுத்துக்குமா சார்?” என்று ஒருவர் கேட்டார். அதற்கு இவரும் சேர்ந்துதான் சிரித்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், ஒரே ஒருத்தன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கே கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிடுவேன் என்பாராம். முன் வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காதான் இதை எங்களிடம் சொன்னார்.

பதில் தெரிந்த கேள்விக்கு யார்தான் காத்திருப்பார்கள்? போகப்போக நம்பிக்கை தேய்ந்து பழக்கம் மட்டும் மிஞ்சியது. கேள்வி வாயில் இருக்கும்போதே கை மேலே போகத் தொடங்கியது. எதிர்முனையில் நின்ற நாங்கள் அதைக் கவனித்தோம். இவர் கவனிக்கவில்லை.

இறுதியாட்டம் இவருக்கும் கடைசி ஆட்டம். ஆடியது வங்கி அணி. பந்து வீசியது பட்டறை அணி. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்தான் அதன் கேப்டன், பட்டப்பெயரும் ‘பட்டறை’தான். வாயைத் திறந்தால் வண்டை வண்டையாக வரும். அவரைப் பற்றி இவரே இரண்டு முறை புகார் எழுதியிருக்கிறார். வங்கி அணிக்குக் கடைசி ஜோடி நின்றது, இன்னும் சில ஓட்டங்களே தேவை, கூட்டம் கயிற்றை மிதித்துக்கொண்டு நின்றது.

மட்டையாளர் நேராக அடித்த பந்து பந்து வீச்சாளரின் முழங்காலுக்குக் கீழே பட்டுத் தெறித்தது. அவர் அலறிக்கொண்டு விழுந்தார். எதிர்முனையில் ஓடத் தயாராக நின்ற வங்கிக் குமாஸ்தா, தான் கோட்டுக்கு வெளியே நிற்பதை மறந்து, மட்டையைக் கீழே போட்டுவிட்டு விழுந்தவரின் காலைப் பிடித்து நீவத் தொடங்கினார். தெறித்த பந்தை எடுத்த ஒருவர் குச்சியைப் பார்த்து எறிந்தார். குச்சி சாய்ந்தது. அத்தனை பேரும் அப்பீல் செய்தார்கள். காலை நீவிவிடக் கொடுத்திருந்தவரும் படுத்தபடியே கத்தினார்.

கேள்வி சார் வழக்கம்போலக் கேட்டார். கேட்கும்போதே வழக்கம்போலக் கை உயர்ந்தது. விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்த பட்டறை, “வேணாம் சார், விட்டுடுங்க” என்றார். அந்தச் சொல் இவர் காதில் விழுந்தது என்றுதான் இவரே சொல்கிறார். இத்தனை காலம் வராத பதில் என்பதால், வந்தபோது அது பதிலாகத் தோன்றவில்லையாம். விரல் தலைக்கு மேலே நின்றது.

குமாஸ்தா அந்த விரலைப் பார்த்தார். கையில் இருந்த காலை மெதுவாகத் தரையில் வைத்தார். மட்டையை எடுத்துக்கொண்டு, யாரையும் ஏறிட்டுப் பாராமல் விறுவிறுவென்று நடந்தார்.

பட்டறை பாய்ந்து வந்து நடுவரின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். “சார், வேணாம்னு சொன்னேன் சார். நீங்க கேட்டீங்கல்ல, நான் வேணாம்னு சொன்னேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய ஆட்களே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். துணைக் கேப்டன் நடுவில் புகுந்து, அவர் ஒன்றுமே சொல்லவில்லை, அவுட் என்றால் அவுட்தான் என்று அடித்துப் பேசினார். இதுவரை எந்த ஆட்டக்காரரின் கையும் தன்மேல் படாத கேள்வி சார், அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்து, கேட்டதைப் புரிந்துகொண்டு, குமாஸ்தாவைக் கூப்பிட வாயெடுத்தபோது அவர் எல்லைக் கயிற்றைத் தாண்டியிருந்தார். எங்கள் போட்டிகளில், மட்டையாளர் மைதானத்தை விட்டு வெளியேறிய பிறகு அப்பீலைத் திரும்பப் பெற முடியாது. அதுவும் விதிதான்.

பட்டறை அணி கோப்பையை வென்றது. கோப்பையோடு எடுத்த படத்தில் கேப்டன் இல்லை. கையில் கிடைத்ததை விட்டுக்கொடுக்கப் பார்த்தவன் என்று அன்று மாலையே நீக்கிவிட்டார்கள். வங்கி அணி, நடுவர் காசு வாங்கிவிட்டார் என்று கிளப்பிவிட்டது. குமாஸ்தா மட்டும் இன்றுவரை யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நடுவரைத் தொட்டால் புகார் எழுதியாக வேண்டும். இவர் எழுதினார். தொட்டதை மறைக்க இவருக்குத் தெரியாது; தவறு தன்னுடையது என்பதையும் அதிலேயே எழுதினார். ஒழுங்கு நடவடிக்கைக் குழு முதல் பாதியை மட்டும் படித்தது. அந்தக் குளிரூட்டிய அறையில் இவர் நின்றுகொண்டே வாதாடினார்: அவன் என்னை அடிக்கவில்லை, என் தவறைத் திருத்தப் பார்த்தான், இந்த ஊரில் அப்பீலை வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதன் அவன். குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டார். அவரும் ஒரு காலத்தில் இவருடைய பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்தான். “நீங்க சொல்லிக் குடுத்ததுதானே சார். நடுவர் மேல கை பட்டா காரணம் கேக்காதீங்கன்னு” என்றார். பட்டறைக்கு இரண்டு ஆண்டுத் தடை. முப்பத்தேழு வயதில் அதற்கு என்ன பொருள் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. வரும் பருவம் முதல் நடுவர்கள் கேப்டனிடம் அப்பீல் பற்றி எதுவும் கேட்கக் கூடாதாம். குழப்பத்துக்கு இடம் தருகிறதாம். வாழ்நாள் முழுக்க ஒருவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை ஒரு பத்தியில் மூடினார்கள். நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் கேட்க அங்கே ஆளில்லை.

தடை உறுதியான மறுநாள் இவர் பட்டறைக்குப் போனார். துணைக்கு எங்களில் ஒருவரும் போயிருந்தார். கேப்டன் அங்கே ஒரு இரும்புக் கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்தார். இவர் மன்னிப்புக் கேட்டார். அவர் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் இருப்பதைப் பார்த்து மனைவிக்குச் சந்தோஷம் என்றார். கூட ஆடியவர்கள் ஃபோனை எடுப்பதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இவர் எழுந்தபோது கூடவே வாசல்வரை வந்தார்.

“ஒண்ணு மட்டும் சொல்றேன் சார். அன்னிக்கு நான் யோசிக்கவே இல்ல. நீங்க கேட்டதும் வேணாம்னு வாயில வந்துச்சு, அவ்வளவுதான். இனிமே யாராவது கேட்டா யோசிப்பேன் சார்.”

திரும்பும் வழியில், இவர் சாலையைக் கடக்கும்போது எங்கள் ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டாராம். அப்படிப் பிடிக்கிறவர் அல்ல இவர்.

பெருந்தகையீர்! மீண்டும் தங்களிடமே வருகிறோம். விழாவுக்கு யாரை அழைக்கலாம் என்று கேட்டோம். தாங்கள் ஒருவரைத்தான் சொன்னீர்கள். தடை பெற்றவர் சங்க வாசலை மிதிக்கக் கூடாது என்பதால் அவரை அழைக்க எங்களால் முடியவில்லை. பொன்னாடை இருக்கிறது, மாலை இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது. தாங்கள் கேட்டது மட்டும் இல்லை.

வாழ்த்த வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். தாங்கள் நோய் நொடியின்றி நெடுங்காலம் வாழ்க! அக்காவோடும் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும், வெயில் படாத தண்மையான நிழலில் அமர்ந்து வாழ்க! ‘மன நிம்மதியோடு வாழ்க’ என்று அடுத்து ஒரு வரி எழுதியிருந்தோம். நேற்று எல்லோரும் கூடிப் படித்துப் பார்த்தபோது, எங்களில் ஒருவருக்கும் அதன்கீழ் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. அதனால் அதை மட்டும் அடித்துவிட்டோம். புதுத் தாளில் மாற்றி எழுதவில்லை. சட்டம் போட்ட கண்ணாடிக்குள்ளும் அந்தக் கோடு தெரியும், பொறுத்தருள்க.

இங்ஙனம்,
தங்களோடு வெயிலில் நின்றவர்கள்,
நடுவர் சங்கம்.