ஆடிக்கு அழைத்து வந்த தங்கை

எங்கள் பக்கத்தில் நீச்சல் தெரியாது என்று ஓர் ஆண்பிள்ளை வாய் திறந்து சொல்ல மாட்டான், ஐயா. நீங்கள் வெளி மாவட்டம் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் வரைக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. நடை பழகி முடித்ததும் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி உள்ளே தள்ளிவிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன் உண்டு, நீந்தாதவன் கிடையாது. இருந்தால், அவனை அறுபது வயதிலும் அதைச் சொல்லியே கேலி செய்வார்கள்.

டீ நன்றாக இருக்கிறது. நீங்கள் இவ்வளவு மரியாதையாக நடத்துவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் தங்கை பஞ்சம்மாளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது நான்தான். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று ஊரில் முணுமுணுத்தார்கள். நான் கேட்கவில்லை. அம்மா போனபோது அவள் சுவரைப் பிடித்து நின்று பழகிக்கொண்டிருந்தாள். அடுத்த மழைக்குள் அப்பாவும் போய்விட்டார். தலை வாரிவிட்டது, சீக்கு வந்தபோது மடியில் போட்டுக்கொண்டது, பெரியவளானபோது பக்கத்துத் தோட்டத்து மொக்கம்மாளைக் கூப்பிட்டு விஷயம் சொன்னது எல்லாம் நான்தான். எனக்குப் பெண் கேட்டு வந்தவர்களிடம், முதலில் இவளைக் கரையேற்றிவிட்டுப் பார்க்கலாம் என்பேன். பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கு வயதாகிவிட்டது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை பண்ணைப்புரத்துச் சுருளியாண்டி. அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஐ.டி.ஐ. படித்தவர், என் தங்கையை அதட்டிக்கூடப் பேசியதில்லை. யோசித்துப் பார்த்தால் அதுதான் அவருக்கு வினையாகிப் போனது. குடிகாரனாக இருந்திருந்தால் பஞ்சு தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருப்பாள், அவரும் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.

எழுபத்துநாலாம் வருஷம் வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் முறைப்படி போய் இருவரையும் அழைத்து வந்தேன். தலை ஆடிக்கு மாப்பிள்ளைக்கு விருந்து வைத்துவிட்டு, பெண்ணை அந்த மாதம் முழுக்கத் தாய்வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். எங்கள் வீட்டில் தாய் இல்லை, நான் இருக்கிறேன். பஞ்சு வந்து அடுப்பைப் பற்றவைத்ததும் வீடு பழையபடி ஆகிவிட்டது. கல்யாணம் நடந்ததே எனக்கு மறந்து போயிற்று என்று சொன்னால் நம்புவீர்களா?

விருந்தன்று எங்கள் பயல்கள் மாப்பிள்ளையைக் கிணற்றுக்கு இழுத்துப் போனார்கள். அவர் காய்ச்சல் என்று சொல்லிப் படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டார். சாயங்காலம் பஞ்சு என்னிடம் வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்.

"அண்ணே, அவுகளுக்கு நீச்சல் வராதுண்ணே. சின்னதுல காதுல சீழ் வடிஞ்சுச்சாம், அவுக ஆத்தா கிணத்துப் பக்கமே விடலையாம். வெளிய சொல்லிராத. நம்ம பயலுக கேலி பண்ணியே கொன்னுருவாய்ங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்," என்றேன். சொல்லவும் இல்லை. அந்த விஷயத்தில் அவளுக்குக் கொடுத்த வாக்கைக் கடைசிவரைக்கும் காப்பாற்றினேன்.

பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். மாப்பிள்ளைக்குப் பிலாய் இரும்பாலையில் ஃபிட்டர் வேலை கிடைத்திருக்கிறது. குவார்ட்டர்ஸ் உண்டு. ஆவணி பிறந்ததும் இருவரும் கிளம்புகிறார்கள். அங்கே குளிர்காலத்தில் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டுமாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. நான் திராட்சைக் கொடி கட்டும் சணலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். சிக்கெடுத்து முடிக்கும்வரை நிமிரவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை.

ஆடி அமாவாசைக்கு அம்மா அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் போனோம். மாப்பிள்ளையையும் வரச் சொன்னது நான்தான், ஆனால் திட்டம் போட்டுக் கூப்பிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் ஒரு தடவை கடலைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். தர்ப்பணம் முடிந்து திரும்பும்போது, பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்துகொண்டிருக்க, கீழே ஒரு ஸ்பீடு போட் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. மாப்பிள்ளை ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டார். அவருக்கு இன்ஜின் என்றால் உயிர்.

"மச்சான், அதுல ஒரு சுத்து போயிட்டு வருவமா? தீவெல்லாம் சுத்திக் காட்டுறாகளாம்," என்றார். மண்டபத்தில் இறங்கினோம்.

படகுக்காரர் நல்ல மனிதர். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். எங்களோடு மதுரைக்காரத் தம்பதி ஒன்றும் ஏறியது. படகுக்காரர் பலகைக்கு அடியிலிருந்து ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை எடுத்துப் போட்டார்.

"நீச்சல் தெரியாத ஆளுக இதப் போட்டுக்கிருங்க. மூணுதான் கெடக்கு," என்றார்.

மதுரைக்காரர்கள் வெட்கப்படாமல் ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டார்கள். மூன்றாவதைப் பஞ்சு எடுத்தாள். எடுத்து மாப்பிள்ளை பக்கம் நீட்டப் போனாள். நான் சிரித்தேன்.

"எங்க மாப்பிள்ளைக்கா? கெணத்துல முங்குனா அடிமண்ண அள்ளிட்டு வர்றவராச்சே. அவருக்கு எதுக்கும்மா இது, நீ போட்டுக்க."

படகில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் காது மடல் சிவந்துவிட்டது. பிறகு, "ஆமா பஞ்சு, நீ போட்டுக்க," என்றார். புது மாப்பிள்ளை, மச்சான் முன்னால், வெளியாட்கள் முன்னால் வேறு என்ன சொல்வார்? பஞ்சு என்னைப் பார்த்தாள். அண்ணன் அவர் மானத்தைக் காப்பாற்றுகிறான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். ஏனென்றால், கொஞ்சம் தயங்கி நின்றாலும், என்னைப் பார்த்து நன்றியாகத்தான் சிரித்தாள். சட்டையை மாட்டிக்கொண்டாள்.

சவாரி உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆடிக் காற்று, படகு அலைமேல் ஏறி ஏறி விழுந்தது. பஞ்சு ஒவ்வொரு தடவையும் கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். படகுக்காரர் நின்றபடியே ஒவ்வொரு தீவாகக் கைகாட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார்: இதில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, அதில் பறவை வந்து முட்டையிடும், இதோ இந்தத் தீவில் ஒரு தென்னை மட்டும் தனியாக நிற்கிறது பாருங்கள் என்று. மாப்பிள்ளை தீவைப் பார்க்கவில்லை, இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகுக்காரர் ஒரு தீவுக்குப் பின்பக்கம் இன்ஜினை நிறுத்தி, அடியில் பாசியும் பாறையும் தெரிகிறது என்று காட்டினார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். நான் வேட்டியோடு கடலுக்குமேல் உட்கார்ந்து மீன் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

திரும்பவும் இன்ஜினைக் கிளப்பினார். "உக்காருங்க, உக்காருங்க," என்றார். மாப்பிள்ளை மட்டும் உட்காரவில்லை. ஓரப்பலகையில் ஒரு காலை ஊன்றி, என் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பின்னால் விசிறி சுற்றுவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் என் செருப்பு வார் நழுவிவிட்டது. சரிசெய்யக் குனிந்தேன்.

அவ்வளவுதான். தோள் இருந்த இடத்தில் தோள் இல்லை. படகு துள்ளியது, அவர் கடலுக்குள் போய்விட்டார்.

படகுக்காரர் திருப்புவதற்குள் பஞ்சு குதித்துவிட்டாள். சேலையோடு குதித்தாள். அவள் குதிப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை; அதை நினைத்திருந்தால் நான் குனிந்தே இருக்க மாட்டேன். நானும் குதித்தேன். ஒருவரைத்தான் என்னால் இழுக்க முடிந்தது, தங்கையை இழுத்தேன் என்று அங்கே மண்டபம் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னேன். மதுரைக்காரர்களும் அப்படித்தான் சொன்னார்கள். உயிரைப் பணயம் வைத்துத் தங்கையைக் காப்பாற்றிய அண்ணன் என்று பேப்பரில்கூட மூலையில் வந்தது.

மறுநாள் காலையில் அவரைக் கரையில் கண்டெடுத்தார்கள். பண்ணைப்புரத்திலிருந்து அவருடைய அம்மா மலையம்மாள் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. "நீங்களாச்சும் எம் மருமகளக் கரை சேத்தீகளே ராசா," என்று அழுதது. நானும் அழுதேன். நடித்தேன் என்று நினைக்காதீர்கள். அவர் நல்ல மாப்பிள்ளை.

பஞ்சுவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இது ஆகிறது ஒன்பது வருஷம். எனக்கு அந்த ஆடி இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் எழுந்து வாசல் தெளிப்பாள், சமைப்பாள், திராட்சைப் பந்தலுக்கு வந்து கொத்து வெட்டுவாள். என்னோடு பேசுவதில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. அதிர்ச்சி என்று டாக்டர் சொன்னார், சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான்தான் இருவருக்கும் சேர்த்துப் பேசுவேன்: மழை வரும்போலிருக்கிறது, இந்தத் தடவை கவாத்து முன்னாலேயே செய்துவிடலாம், குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எத்தனையோ வீடுகளில் பேசிப் பேசியே அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு சண்டை கிடையாது.

இன்றைக்குக் காலையில் மொக்கம்மாள் தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு எங்கள் கிணற்றுக்கு வந்தது. நீச்சல் சொல்லிக்கொடு தம்பி என்றது. எனக்குப் பழைய ஞாபகம். பிள்ளைக்குக் குடுக்கையைக் கட்டிவிட்டு, பஞ்சுவுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில் சொன்னேன். முங்குகிறவன் பிடித்தால் விட மாட்டான், உன்னையும் சேர்த்து இழுத்துவிடுவான்; அப்போது அவன் சுண்டுவிரலை மட்டும் பிடித்துப் பின்னால் மடக்கு, கை தானாக விட்டுவிடும் என்று சொல்லி, அந்தப் பிள்ளையின் விரலை மெதுவாக மடக்கிக் காட்டினேன்.

பஞ்சு மேட்டில் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். நான் கவனிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்தாள். பழம் சிந்திவிடாமல் மெதுவாகத்தான் வைத்தாள். அப்படியே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். இங்கேதான் வந்திருக்கிறாள்.

அவள் கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வலது கைச் சுண்டுவிரல் கோணலாக இருக்கும். எலும்பு சரியாகக் கூடவில்லை. கரண்டி பிடிக்கும்போது அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும்.

சொல்லிவிடுகிறேன். செருப்பு வார் நழுவவில்லை, ஐயா. நன்றாகத்தான் இருந்தது. நான் நீந்திக் கிட்டே போனபோது அவர் முங்கவும் இல்லை. பஞ்சு அவரைப் பிடித்துக்கொண்டு மிதந்துகொண்டிருந்தாள். அந்த மிதவைச் சட்டை இரண்டு பேரையும் தாங்கியது. படகும் திரும்பி வந்துகொண்டிருந்தது, சத்தம் கேட்டது. அவர் வாயில் கொஞ்சம் தண்ணீர் போயிருந்தது, வேறொன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும், "மச்சான்," என்றார். அவ்வளவு நிம்மதியாகச் சொன்னார். இனிப் பயமில்லை என்பதைப்போலச் சொன்னார்.

படகுக்கும் எங்களுக்கும் நடுவில் அலை எழும்பியது. நான் தண்ணீருக்குள் கையை விட்டேன். அவர் விரல் எது, அவள் விரல் எது என்று தெரியாமல் செய்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் விரல் எனக்குத் தெரியாதா? நடக்கப் பழகும்போது பிடித்துக்கொண்ட விரல். அவர் அவளைப் பிடிக்கவில்லை, ஐயா. அவள்தான் அவரைப் பிடித்திருந்தாள். விடவே மாட்டேன் என்றாள். நான் மடக்கினேன். முதல் மடக்கில் விடவில்லை. அப்புறம் அது ஒடிந்தது. அவரை ஒரு காலால் கீழே தள்ளிவிட்டு, தங்கையின் தலைமுடியைப் பிடித்துப் படகு பக்கம் இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் அப்போது ஒரே ஒரு தடவை, "அண்ணே," என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அவளைப் பிலாய்க்கு அனுப்பியிருந்தால் யார் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? பாஷை தெரியாத ஊர், குளிர் அவளுக்கு ஆகாது. நான் செய்ததைத் தப்பு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். உங்களிடம் பேசினாள் என்கிறீர்களே, குரல் எப்படி இருந்தது? பழைய குரல்தானா? என்னைப் பற்றிச் சொல்லும்போது அண்ணன் என்று சொன்னாளா, இல்லை பேரைச் சொன்னாளா?

மலைச்சாமி என்றுதான் சொன்னாளா?

பரவாயில்லை. கோபத்தில் அப்படித்தான் வரும். வாயைத் திறந்துவிட்டாள் பாருங்கள், அது போதும், இனிப் பேசுவாள். வெளியே பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறாள்? காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். இதை முடித்துவிட்டீர்களானால் கம்பம் பஸ் போவதற்குள் இருவரும் சேர்ந்தே வீட்டுக்குப் போய்விடுகிறோம்.