கட்டிலுக்கு அடியில் இரண்டு குஞ்சுகள்

புறாக் குஞ்சைப் பிறந்த அன்று பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. மஞ்சள் மயிர், மூடிய கண், உடம்புக்குப் பொருந்தாத பெரிய அலகு. எனக்கு மட்டும் அதைப் பார்த்ததும் மனசு இளகிவிடும். நடந்ததை ஒன்று விடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒளிக்க ஒன்றுமில்லை, எழுதுகிறேன்.

வீட்டில் நானும் அக்காவும்தான். அப்பாவும் அம்மாவும் போனபோது எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினேழு. தலையணை உறை தைத்தே என்னை ஆளாக்கினாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இவன் தலையெடுக்கட்டும், பாத்துக்கலாம்" என்று தட்டிக் கழித்தாள். நான் தலையெடுத்து, தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்தேன். மொட்டை மாடியில் பதினான்கு புறா வளர்த்தேன். "உன் புறாவுக்கு இருக்கற மவுசு எனக்கு இல்லையேடா" என்று அக்கா கேலி செய்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், நடுவில் இருமுவாள்.

இந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டர் நுரையீரல் படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் பறவை உண்டா என்றுதான் முதலில் கேட்டார். இறகுப் பொடியும் எச்சத் தூசியும் சிலருக்குக் கொஞ்சமும் ஆகாதாம். "மொதல்ல அதுங்கள வீட்ட விட்டு அனுப்புங்க. இல்லன்னா நான் என்ன மருந்து குடுத்தும் பிரயோஜனம் இல்ல" என்றார். சரி என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

அனுப்ப வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த வாரமே கூட்டில் நோய் விழுந்தது. காலையில் தீனி கொத்திய புறா, மாலையில் கழுத்தைத் திருகிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. பச்சையாகக் கழிந்தது. மருந்துக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். நான்கு நாளில் பதினான்கும் போயின. கடைசியாக விழுந்த ஜோடிக்கு ஐந்து நாள் குஞ்சுகள் இரண்டு இருந்தன. அவற்றைக் கையில் எடுத்தபோது நான் அழுதேன்.

கோழிக் குஞ்சு போலப் புறாக் குஞ்சு தானாகக் கொத்தித் தின்னாது. தாயும் தகப்பனும் தொண்டைப் பையில் ஊறும் பாலைக் கக்கி ஊட்டினால்தான் உயிர் தங்கும். அதுகள் இல்லையென்றால் அவித்த முட்டையின் மஞ்சளை வெந்நீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்க்க வேண்டும். பை வற்றிய பிறகுதான் அடுத்த வேளை. எல்லாவற்றையும்விட, கதகதப்பு வேண்டும். நோய் விழுந்த மாடியில் வைக்க முடியாது. என் அறை ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. ஹீட்டர் இருந்தது அக்கா அறையில்தான். அவளும் அதற்குள் தேறி வீட்டுக்கு வந்திருந்தாள். அட்டைப் பெட்டியை அவள் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

மூன்றாம் நாள் கீச்சுச் சத்தத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"தம்பி, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"பத்து நாள்க்கா. எறகு மொளச்சதும் எடுத்துடறேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என்னிடம் முடியாது என்று அவள் சொன்னதே கிடையாது.

குஞ்சுகள் தேறின. இறகு முளைக்கும்போது ஒவ்வொன்றையும் மெல்லிய உறை மூடியிருக்கும். இறகு விரிய விரிய அது வெள்ளைப் பொடியாக உதிரும். நிறைய உதிர்ந்தால் குஞ்சு நன்றாக வளர்கிறது என்று அர்த்தம். பெட்டியிலும் கட்டில் காலிலும் அக்காவின் போர்வை மடிப்பிலும் பொடி. தினமும் தட்டித் துடைத்தேன். "பெட்டிய வெளிய வைடா, மூச்சு முட்டுது" என்பாள். வெளியே வைப்பேன். அவள் கண்ணயர்ந்ததும் உள்ளே வைப்பேன். அதுகள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்?

மறுபடியும் ஆஸ்பத்திரி. இங்கே தேறுகிறவர் வீட்டுக்குப் போனதும் ஏன் விழுகிறார் என்று டாக்டர் குழம்பினார். "உண்மையச் சொல்லுங்க. இன்னும் பொறா வச்சிருக்கீங்களா?"

"மாடில ஒண்ணுகூட இல்ல டாக்டர். எல்லாம் செத்துப்போச்சு."

அதில் பொய் எதுவும் இல்லை. ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அக்கா என்னையே பார்த்தாள். கையைத் தூக்கி, கட்டிலுக்கு அடியில் விரலை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்து, டாக்டர் போகும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குக் குளிருமே என்றுதான். "இப்படி ஒரு தம்பி கெடைக்க குடுத்து வச்சிருக்கணும்" என்றார் நர்ஸ்.

நான்கு நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஹீட்டரைப் போட்டேன். பெட்டி அங்கேயேதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுக்கு இழுப்பு வந்தது. பேச்சு வரவில்லை, கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். நான் கீழே உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் கை நழுவினால் தீனி மூச்சுக்குழலுக்குள் போய்க் குஞ்சு திணறிச் செத்துவிடும். அதனால் கையிலிருந்த குஞ்சுக்கு ஊட்டி முடித்தேன். இன்னொன்றும் வாயைத் திறந்துகொண்டு நின்றது, அதற்கும் ஊட்டினேன். அலகைத் துடைத்துவிட்டு எழுந்தபோது தட்டுகிற சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

சாவுச் சான்றிதழுக்காக வீட்டுக்கு வந்த அதே டாக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அக்கா சாவதற்கு நான்தான் காரணம், தெரிந்தேதான் செய்தேன். இதற்குக் கீழே கையெழுத்தும் போடுகிறேன். ஆனாலும் ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. விவரம் தெரிந்தவள், ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்திலேயே நின்றார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். ஏன் சொல்லாமல் இருந்தாள் என்றுதான் புரியவில்லை.