அடித்தல் திருத்தல் இல்லாத படிவம்

எனக்குப் பென்சில்தான் பிடிக்கும். நீங்கள் பேனா கொடுத்திருக்கிறீர்கள், பரவாயில்லை, எழுதுகிறேன்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் வேலைச் சூழல் பற்றிக் கருத்துக் கேட்டு, அந்தப் படிவங்களைத் தொகுப்பது என் வேலை. இருக்கை, கழிப்பறை, கட்டடம் என்று முப்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘மிக மோசம்’ முதல் ‘மிக நன்று’ வரை ஐந்து கட்டங்கள். படிவத்தோடு ஆளுக்கொரு பென்சிலும் கொடுப்பேன். தப்பு நேர்ந்தால் திருத்த வசதி என்பேன். யார் திருத்துவது என்று எவரும் கேட்டதில்லை.

கட்டடத்துக்கு ‘மிக மோசம்’ என்று ஒரே ஒரு டிக் இருந்தாலும், பொறியாளர் போய்ப் பார்த்து வரும்வரை மொத்த அறிக்கையும் நிற்கும். பத்தொன்பது வருடத்தில் என் அறிக்கை ஒருநாளும் பிந்தியதில்லை. இந்த முறை அந்த டிக்கைப் போட்டவள் என் அக்கா, இரண்டாம் வகுப்பு டீச்சர். என்னைத் தூக்கி வளர்த்தவள். அவள் என்றால் எனக்கு உயிர்.

“டேய், செவுத்துல கை வெச்சாலே பொலபொலன்னு உதிருதுடா. மேல சொல்லு.”

“எழுதிட்டல்ல, விடுக்கா. நான் பாத்துக்கறேன்.”

அழித்துவிட்டு ‘நன்று’ கட்டத்தில் டிக் போட்டேன். வருடாவருடம் செய்வதுதான், சுவர்களும் நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் அக்கா பிடிவாதக்காரி. பிள்ளைகளை வெளியே மர நிழலில் உட்காரவைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தாள். படிவத்தில் ‘நன்று’, வகுப்போ வெட்டவெளியில். அந்த வழியாகப் போகிற அதிகாரி என்ன நினைப்பார்? நீங்களே சொல்லுங்கள்.

போன் செய்தேன். “நேத்து ஸ்கூல் விட்டப்புறம் இன்ஜினியர் வந்து பாத்துட்டாருக்கா. ஒண்ணும் ஆகாதாம். உள்ள கூட்டிட்டுப் போ.”

“நெஜமாவா? சரிடா, நீ சொன்னா சரி.”

செவ்வாய்க்கிழமை உள்ளே போனார்கள். வியாழக்கிழமை காலை மழை பெய்தது. பதினோரு பிள்ளைகள், பன்னிரண்டாவது அக்கா. இரண்டு பிள்ளைகளை அணைத்தபடி கிடந்தாளாம். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றவர்கள் என் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். வயிறு எரிகிறவர்கள், தூற்றட்டும்.

அழித்தது நான்தான். பொய் சொல்லி உள்ளே அனுப்பியதும் நான்தான். ஆனால் குற்றப்பத்திரிகையில் அலட்சியம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படிவம் உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓர் அடித்தல் திருத்தல் தெரியாது.