முகக்கவசத்துக்குள் விழுந்த பற்கள்

ஒட்டுசுட்டான் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த இளம் ஆசிரியை பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

"பாதி வகுப்புக்கு முன்பல்லு இல்லையக்கா. எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

"ஒரு வருசமாப் படிப்பிச்சுமோ?"

"முழுக்க மாஸ்க்தானே. முதலாம் வகுப்பு. கடைசி நாள் எண்டு தள்ளித்தள்ளி இருத்திக் கேக் குடுத்தன். மாஸ்க்கைக் கழட்டினால் எல்லாம் பொக்கை!"

பஸ்ஸே காது கொடுத்தது.

"பிறகு, 'உங்கட பல்லையும் காட்டுங்கோ ரீச்சர்' எண்டு ஒரே சத்தம். முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிக்கிற என்ர மிதப்புப் பல்லு தெரியும்தானே, மாஸ்க் போட்டது எனக்கு எவ்வளவு நிம்மதி! வேற வழியில்லாமல் கழட்டினன்."

"சிரிச்சிட்டுதுகளோ?"

"இல்லையக்கா. ஒரு பொடிச்சி தள்ளி இருக்கோணும் எண்டதையும் மறந்து ஓடிவந்து சொல்லுறாள், 'கவலைப்படாதேங்கோ ரீச்சர். அது விழுந்தோடன கூரையில எறியுங்கோ. அணில் நல்ல பல்லுத் தரும்.'"