ஐவர் சொன்ன பொய்யும் அம்மையார் காத்த சொல்லும்

முப்பத்தொரு ஆண்டுகள் மின்காப்புப் பிரிவில், முகம் சுளித்தேனும் முறை பிறழாத முதல்வியே! அளந்து பேசி, அளந்ததை மறுமுறையும் அளந்து, அதன் பின்னரே கையொப்பமிட்ட கண்ணியமே! அன்போடும் சற்றே அச்சத்தோடும் அனைவரும் 'ரிலே அம்மா' என்றழைத்த பெருமாட்டியே! தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் வணங்குகிறோம்.

தங்கள் முகத்துக்கு நேரே புகழ்ந்தால், "போதும், போய் வேலையைப் பாருங்க" என்று கையமர்த்திவிடுவீர்கள். ஆதலால் நடந்ததை அவையோரை நோக்கியே சொல்கிறோம். தாங்கள் பொறுமையாகக் கேட்டிருந்தால் போதும்.

அவையோரே! கம்பியில் அளவு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் அதை உணர்ந்து இமைப்பொழுதில் துண்டிக்கச் செய்யும் கருவி ரிலே. துண்டித்த சில நொடிகளில் இணைப்பு தானாகவே திரும்பும். உரசிய கிளையோ மோதிய பறவையோ அதற்குள் விலகியிருக்கும். விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியதோடு சரி. ஆனால் கம்பியருகே ஆள் நிற்கும்போது அந்த வசதியே எமனாகிவிடும். அடிபட்டவன் மேல் மறுபடியும் மின்சாரம் பாயும். எனவே வேலை தொடங்குமுன் அந்தத் தானியங்கு மறு இணைப்பை நிறுத்தி, சுவிட்சில் சிவப்பு அட்டை மாட்டுவார்கள். நிறுத்தச் சொல்லிக் கேட்ட வேலைக்குழுவின் ஃபோர்மேனே தம் வாயால் "எல்லாரும் விலகிட்டோம்" என்று சொல்லும்வரை அந்த அட்டையை எவரும் தொடலாகாது. அப்படித் தொடவிடாத கைதான் அம்மையாரின் கை.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல். குடிநீரேற்று நிலையத்துக்குச் செல்லும் மின்பாதையில், நெட்டையர் என்று எல்லாரும் அழைக்கும் ஃபோர்மேனும் அவருடைய ஆட்கள் நால்வரும் மரக்கிளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிளையொன்று கம்பியில் சரிந்தது, பொறி பறந்தது, ரிலே துண்டித்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் ஐவருக்கும் அதற்குமேல் வேலை ஓடவில்லை. கிளையை இழுத்துப் போட்டுவிட்டு, செல்பேசிகளை வண்டியிலேயே விட்டுவிட்டு, வளைவுக்கு அப்பால் இருந்த கடையில் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அம்மையார் பணியிலிருந்த துணை மின்நிலையத்திலோ தொலைபேசி ஓயவில்லை.

"ஏதாவது கிளை விழுந்திருக்கும்மா. சப்ளையைக் கொடுங்க, ஊரே தண்ணியில்லாம நிக்குது" என்றார் மேலதிகாரி.

"ஃபோர்மேன் குரல் கேட்காம கொடுக்க மாட்டேன், சார்."

"அவர்தான் போனே எடுக்க மாட்டேங்கிறாரே!"

"அதனாலதான் சார் கொடுக்க மாட்டேன்."

ஐம்பது நிமிடம் கழித்தே நெட்டையர் கூப்பிட்டார். அதற்குள் பாதி நகரத்தில் குழாய்கள் காற்றை ஊதின.

விசாரணை வந்தது. வேலை போய்விடுமோ என்று நெட்டையர் பயந்தார். "பத்து நிமிஷத்துலேயே கூப்பிட்டு, விலகிட்டோம்னு சொல்லிட்டேன் சார்" என்றார். நால்வரும் ஆமாம் போட்டார்கள். அம்மையாரின் பதிவேட்டில் அப்படியோர் அழைப்பே இல்லை. ஆனால் அது அவரே எழுதிய பதிவேடு. ஐந்து சாட்சிகளுக்கு முன் ஒரு பேனா எடுபடவில்லை. அவருடைய பணிக்குறிப்பில் கண்டனம் ஏறியது. அடுத்த மாதம் வரவேண்டிய பிரிவுத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

விசாரணை அறை வாசலில் அம்மையார் நின்றார். "நீங்க கூப்பிடல, ஃபோர்மேன்."

"அம்மா, அது வந்து..."

"இனிமே வேலை விஷயம் மட்டும் பேசுங்க."

அவையோரே, அந்த ஐவர்தாம் இம்மடலை எழுதியவர்கள். இதோ உங்கள் முன் நின்று வாசிப்பவர் நெட்டையரே. குரல் தடுமாறினால் பொறுத்தருள்க.

அதன்பின் பதினொரு ஆண்டுகள் அம்மையார் அவரிடம் நலம் கேட்டதில்லை, அவர் மகள் திருமணத்துக்கு வந்ததில்லை. ஆனால் வேலைக்கு முன் அவர் அழைக்கும்போதெல்லாம் அட்டை மாட்டத் தவறியதுமில்லை. "எத்தனை பேர்?" என்பார். "அஞ்சு பேரும்மா." "அஞ்சு பேரையும் எண்ணிட்டுக் கூப்பிடுங்க." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

சென்ற மழைக்காலத்தில் அடி இற்றுப்போயிருந்த கம்பமொன்று நெட்டையரைச் சுமந்தபடியே சாய்ந்தது. கம்பிகள் ஒன்றோடொன்று மோதின, ரிலே துண்டித்தது. தளர்ந்த கம்பியொன்று, இடுப்பு வாரில் தொங்கிய அவர் மார்பின் குறுக்கே வந்து விழுந்தது. செல்பேசி கீழே விழுந்து சிதறியது. மழையில் மற்றவர்கள் செல்பேசிக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. ஏணி வண்டியைத் தேடி ஒருவர் ஓடினார்.

மார்பில் கிடந்த கம்பியின் குளிர் சட்டையைத் தாண்டி உறைத்தது. நெட்டையர் கண்ணை மூடிக்கொண்டார். காத்திருந்ததற்காக ஒருமுறை தண்டனை பெற்றவர், பொய்யன் ஒருவன் குரலுக்காக இன்னொருமுறை காத்திருப்பாரா? 'எனக்கே அது நியாயமாகப் படவில்லை' என்று அப்போது நினைத்ததாகப் பின்னர் எங்களிடம் சொன்னார்.

நிலையத்தில் அதே நேரத்தில் அதே நெருக்கடி. மேலிடத்து அழைப்பு மூன்றாம் முறை வந்து போனதும் உதவியாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேடம், போன தடவை நடந்தது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு" என்றார் அம்மையார். நாற்காலியை இழுத்து சுவிட்சுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எண்பது நிமிடம்.

இறக்கிவிடப்பட்ட நெட்டையர் ஏணி வண்டிக்காரரின் வயர்லெஸ்ஸை வாங்கினார். "அம்மா... அஞ்சு பேரும் இருக்கோம்."

"எண்ணிட்டீங்களா?"

மற்ற நால்வரின் தோளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு, "எண்ணிட்டேன்மா" என்றார்.

மறுவாரமே ஐவரும் தலைமை அலுவலகத்தில் உண்மையை எழுதிக் கொடுத்தோம். பணிக்குறிப்பிலிருந்த கண்டனம் நீக்கப்பட்டது. அது எங்கள் ஐவர் குறிப்பில் ஏறியது. போன பதவி போனதுதான். ஆணையின் நகலோடு நெட்டையர் அம்மையாரின் மேசை முன் நின்றார். அம்மையார் அதை இருமுறை படித்தார். "பதினோரு வருஷம் லேட்டு, ஃபோர்மேன்" என்றார். எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டி, "நிக்காதீங்க, உட்காருங்க" என்றார்.

பெருமாட்டியே! மன்னித்ததாகத் தாங்கள் சொல்லவில்லை. கேட்கும் துணிவு எங்களுக்கும் இல்லை. தங்கள் மீது ஏற்றிய பழியை நாற்சுவருக்குள் சொன்னோம்; அதைத் துடைப்பதையேனும் நாலு பேர் அறியச் செய்ய வேண்டாமா? இம்மடலைத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுவது தங்கள் விருப்பம். இதன் நகலொன்றை எங்கள் ஓய்வறையில் சட்டமிட்டு மாட்டிவிட்டோம். இனி வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் கம்பத்தில் ஏறுமுன் எங்கள் பொய்யைப் படித்துவிட்டு ஏறட்டும்.

முழங்கால் வலி தீர்ந்து, நடு உறக்கத்தில் எழுப்பும் அழைப்புகள் இன்றி, பேரப்பிள்ளைகளின் கூச்சலுக்கு மட்டுமே செவி கொடுத்து, பல்லாண்டு நலமாக இருங்கள், அம்மா!

இப்படிக்கு,
கம்பியடியில் தங்களால் உயிரோடிருக்கும் ஐவர்;
அவர்களுக்குக் கீழே, துணை மின்நிலைய ஊழியர் அனைவரும்.