நாணல்மேல் நின்றவள்

நான் எளிதில் கோபப்படாதவள். என்னோடு வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கிழமை நாட்களில் அகதி விசாரணைகளில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர். சனி ஞாயிறுகளில் டவுன்டவுனில் ஒரு சிறிய ஓவியக்கூடத்தில் வழிகாட்டி. அங்கே ஒரு ஜப்பானிய மர அச்சு ஓவியம் இருக்கிறது. தண்ணீருக்கு நடுவே, சிவப்புப் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துவிட்ட ஒரு பெண். சுற்றிலும் வெறுமை. அவள் ஆற்றில் விழப்போகிறவள், வெறுமை அவளுடைய தனிமை என்று ஆறு வருடம் விளக்கினேன். சிலர் கண்ணைத் துடைப்பார்கள்.

போன வைகாசியில் நிதுசன் அங்கே காவலுக்கு வந்தான். வவுனியாவில் சித்திரம் படிப்பித்தவன். அகதி வழக்கு முடியாதவன். ஒரு சனிக்கிழமை, இருபது பேர் நிற்கும்போது, என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னான்.

“இமெல்டா அக்கா, அவ சாகப்போகேல்லை. காலுக்குக் கீழை பாருங்கோ, நாணல். போதிதருமர் நாணலிலை ஆறு கடந்த கதையைப் பகிடி பண்ணியிருக்கினம். துறவி நிக்கவேண்டிய இடத்திலை தாசி நிக்கிறா. சரிஞ்ச அந்த ஒரு கோடுதான் வெறுந்தாளை ஆறாக்குது.”

அவன் என்ன சொன்னான் என்று ஒரு முதிய பெண் கேட்டார். மொழிபெயர்த்தேன். எல்லாரும் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அவன் மன்னிப்பும் கேட்டான்.

ஐப்பசியில் அவனுடைய விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தெரிந்தவருடைய வழக்கென்றால் மொழிபெயர்ப்பாளர் விலகவேண்டும். நான் வாய் திறக்கவில்லை. என்னைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது.

“நீங்கள் எண்டது பெரிய நிம்மதி அக்கா.”

ஆயுதக்காரர்கள் அவனை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று அதிகாரி கேட்டார்.

“வீட்டிலையிருந்து இழுத்துக்கொண்டு போனவங்கள்.”

‘அவர்களோடு போனேன்’ என்று பிரெஞ்சில் சொன்னேன். அதிகாரியின் பேனை நின்றது. எழுதிக் கொடுத்தது வேறுமாதிரி இருக்கிறதே, விரும்பியா போனீர் என்றார். நான் நிதுசனிடம் திரும்பி, “நடந்தது அதுதானோ எண்டு கேக்கிறார்,” என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். “ஓம்.”

அந்த ஓமைச் சரியாகவே மொழிபெயர்த்தேன்.

விரும்பிப் போனவன் என்று வழக்கைத் தள்ளி, மாசியில் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதன்பிறகு கண்டவர் இல்லை. ஒரு வினைச்சொல், ஒரு கேள்வி. இரண்டையும் தெரிந்தே மாற்றினேன். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். வவுனியாவிலிருந்து அவன் மனைவி துஷாந்தினி, புருசனைத் தேடித்தரச் சொல்லி வக்கீலுக்கு எழுதும் கடிதங்களை நான்தான் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். பாவம், அவளுக்கு இங்கே என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?